பூட்டின கிணறு

உச்சிப்பொழுது. கோம்பையில் இருந்து பண்ணைப்புரம் போகிற வண்டிப்பாதை. காக்காய்கூடக் கத்தவில்லை... நெருங்கி உட்காருங்கள். இது ராத்திரிப் பேய் இல்லை, பட்டப்பகலில் வந்தது. நம்ம முத்துவீரனின் மச்சினன் சுருளியாண்டிக்கு நடந்தது. வெள்ளைக்காரன் காலம், முப்பத்திரண்டாம் வருசம்.

பட்டாளத்தில் இருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான். வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிட, ஊர் வாய்க்காலுக்கு மறுபடி அவனையே நீர்பாய்ச்சியாக வைக்க முடிவு. மடைக் கோயிலில் செம்புத் தண்ணீரைக் குடித்து, ‘தாகம்னு வந்த யாருக்கும் நான் இல்லேன்னு சொன்னதில்ல’ என்று சத்தியம் செய்ய வேண்டும். வெட்டுப்பழி உள்ள பங்காளிக்கும் குடிதண்ணீர் மறுக்கக் கூடாது, ஊர் வழக்கம் அது. சத்தியம் செய்யத்தான் போய்க்கொண்டிருந்தான். கால் எழவில்லை.

காரணம் ஒரு தீவு. பாரசீகக் கடலில், நம்ம கண்மாய் அளவுகூட இல்லாத மணல்திட்டு. அதற்கொரு ராஜா, ராஜாவுக்குக் காவல் வெள்ளைக்காரன். ‘தீவு எங்களது’ என்று பாரசீகக் கப்பல் வரும், கொடி ஏறும். வெள்ளைக்காரன் கப்பல் வந்தால் அது இறங்கி ராஜா கொடி ஏறும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்; ராஜா ரெண்டுபட்டால் குடிகளுக்குத்தானே திண்டாட்டம்? பயத்தில் எதிர்க்கொடிக்குக் கும்பிடு போட்ட குடிசைகளுக்குத் தண்ணீர் கிடையாது என்றான் பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை. இருந்த ஒரே நல்ல கிணற்றைப் பூட்டி, சாவியை அங்கே காவலுக்கு நின்ற சுருளியாண்டியிடம் கொடுத்தான்.

ஒருத்தி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் மண்குடம். பாஷை புரியாவிட்டால் என்ன, தாகம் புரியாதா? துரை பார்த்துக்கொண்டிருந்தான். “உங்க கொடிக்காரன்கிட்டப் போயிக் கேளு” என்று தமிழிலேயே விரட்டினான் சுருளியாண்டி. மறுநாள் கிணற்றடியில் குடம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. தாயையும் பிள்ளையையும் மணலில் புதைத்தார்கள். கட்டின பெண்டாட்டி மொக்கம்மாளிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கம்.

வண்டிப்பாதையில் புளியமரம் தாண்டினான்... கருவாட்டு வாடை. மலை சூழ்ந்த நாட்டில் உப்புக்காற்று. சளப்... சளப்... நனைந்த துணி காலில் அடிக்கிற சத்தம். திரும்பினான். குடத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வழிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சுரைக்குடுவையை அதில் கவிழ்த்தான். களக் களக்கென்று எல்லாம் விழுந்தது. எட்டிப் பார்த்தால்... குடத்துக்குள் பொட்டு ஈரம் இல்லை.

“ஆத்தா, என்னய மன்னிச்சிரு!”

அவள் வாய் திறந்தாள். அச்சு அசல் கோம்பைப் பேச்சு. “எந்தக் கொடிக்காரன்கிட்டய்யா கேக்க?”

விழுந்தடித்துக் கோயிலுக்கு ஓடினான். ஊரே கூடியிருந்தது. “ஏலே, என்ன பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஊர்க்காரக காத்திருக்காக, சத்தியத்தப் பண்ணு” என்றார் பெரியவர் அம்மாவாசி. உண்மை தொண்டை வரை வந்துவிட்டது. எதிரே மொக்கம்மாள், புருசனைப் பார்த்துப் பூரித்துப் போய் நின்றாள். அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வான்? சத்தியம் செய்துவிட்டான். செம்புத் தண்ணீரைக் குடித்தான்... கடலுப்பு.

அதற்கப்புறம் அவன் வாய்க்குள் போன தண்ணீரெல்லாம் உப்பு. முல்லையாறு பக்கத்தில் ஓட, நாக்கு வெடித்துச் செத்தான்.

ஆற்றில் இருந்து நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து பிணத்தைக் குளிப்பாட்டினார்கள். மொக்கம்மாள் குடம் குடமாக ஊற்றினாள். அழுதுகொண்டே ஊற்றினாள்...

உடம்பு நனையவே இல்லை.