மகள் எடைக்கு

போடியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார்: "நேத்து மெக்கானிக்கு போல்ட்ட முறுக்கி முடிக்கிறவரைக்கும் என்னையக் காருக்குள்ளயே உக்கார வச்சுட்டாரு உங்கண்ணன்."

போன வாரம் என் மகன் மலைப்பாதையில் பைக்கோடு விழுந்து எழுந்ததிலிருந்து எனக்கு எந்தப் பேச்சிலும் மனம் ஒட்டவில்லை. இதில் ஒட்டியது.

"எதுக்கு மதினி?"

"பழைய காருல்ல. பின்சக்கரத்த ஆடாமப் புடிச்சிருக்க புஷ்சு ரப்பரு போயி, வளைவுல பின்பக்கம் ஆடுச்சு. போன தடவ புதுசு மாட்டுனப்ப, வண்டிய ஜாக்கில தூக்கி வச்சே முறுக்கிட்டாக. ஆளு ஏறி வண்டி அமுங்குறப்பல்லாம் ரப்பரு முறுகி முறுகிப் பிஞ்சு போச்சு. எடையோட நிக்கும்போதுதான் முறுக்கணுமாம்."

"அதுக்கு நீங்களா?"

"நாளைக்கு மகளப் பேறுகாலத்துக்கு எஸ்டேட்டுலருந்து எறக்கணும்ல. அவ எடைக்கு நான்."

"மாசமா இருக்கவளுக்கு நீங்க பத்துவீகளா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"உங்கண்ணனும் அதத்தான் சொன்னாரு. ஒரு ஏலக்காப் பையக் கொண்டாந்து என் மடியில வச்சாரு. மெக்கானிக்கு சிரிச்சாரு. இவரு சிரிக்கல."

"நீங்க?"

"முறுக்கி முடிச்சப்பெறகும் பைய எறக்க மனசு வரல. அப்படியே அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."