தாய்மாமன் கொண்டுபோன தேன்

தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுக்கும்போது அவசரப்படக் கூடாது, மேடம். அடுப்பைத் தணித்து வைத்து, கறுப்பதற்குச் சற்று முந்தின நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். என் தங்கை செண்பகவல்லிக்கு அந்தப் பக்குவத்தில் வைத்தால்தான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கழக்கூட்டத்தில் இருக்கும் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போவேன்.

நீங்கள் மலையாளத்திலேயே கேட்கலாம். எனக்கு நன்றாகப் புரியும். பதில்தான் தமிழில் வரும். எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை இங்கே கூட்டிவந்து படிக்க வைத்தேன். பழவங்காடியில் மருந்துக்கடை வேலை எனக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குத் தலைபின்னக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன்.

அவள் கல்யாணத்தன்று நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை நவநீத் நல்ல பையன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கம்ப்யூட்டர் வேலை. ஊரில் தாலிகட்டு முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானே காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். டிரைவர் வைக்கச் சொன்னார்கள். என் தங்கையை நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்றேன். கரமனைப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

காதுக்குள்ளேதான் கேட்டது. ஆனால் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதுபோல அவ்வளவு தெளிவு. ‘நீ சிரித்துக்கொண்டு கூட்டிப்போகிறாயே, இவள் பெறும் பிள்ளை உன்னை முடிக்கும்.’

திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். என் கை அவள் பிடரிக்குப் போனது. எதற்குப் போனது என்று எனக்கு அப்போதே தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. பிச்சிப்பூவைச் சரிசெய்யத்தான் கை வைக்கிறேன் என்று நினைத்து, வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

“அளியா, வய்யேங்கில் நான் வண்டி எடுக்கட்டா?” என்றான் நவநீத், மச்சானுக்கு உடம்பு முடியவில்லையோ என்று நினைத்து.

முடியும் என்று சொல்லி, பூவைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன். கழக்கூட்டம் போய்ச் சேரும்வரை கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அன்றைக்குப் பிடித்த பயம். அதற்குப் பிறகு நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை.

கம்சன் என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்களாம். அந்தக் கதை எனக்கும் தெரியும், மேடம். அவன் தங்கையைச் சங்கிலி போட்டுச் சிறையில் வைத்தான். பிறந்த பிள்ளைகளைக் காலைப் பிடித்துக் கல்லில் அடித்தான். நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. நான் கொடுத்தபோது பிள்ளைக்கு உருவம்கூட வந்திருக்காது. அவள் வயிற்றுவலி என்று சுருண்டதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். ரத்தம் கொடுத்ததும் நான்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரூப்.

மருந்துக்கடைக்காரனுக்கு எதை எதில் கலந்தால் ருசி தெரியாது என்று தெரியும். தீயலில் புளியும் காரமும் தூக்கலாக இருக்கும். அவ்வளவுதான்.

முதல் தடவை கர்ப்பம் என்று போனில் சொன்னபோது அவள் அழுதாள், சந்தோஷத்தில். “அண்ணே, அம்மைட்ட சொல்ல முடியல்லியே. அதான் ஒங்கிட்ட முதல்ல சொல்லுதேன்” என்றாள். கடையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் குரல் எத்தனையாவது பிள்ளை என்று சொல்லவில்லை, பாருங்கள். சொல்லியிருந்தால் மற்றப் பிள்ளைகளை விட்டிருப்பேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை.

மூன்று முறை அப்படி ஆயிற்று. டாக்டர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. நவநீத்தின் அம்மா வாலாம்பாள் ஒருநாள், “ராசி இல்லாத வயிறு” என்று வாய்விட்டுச் சொன்னார். நான் விடவில்லை. என் தங்கையை இன்னொரு வார்த்தை சொன்னால் நடப்பது வேறு என்றேன். அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டார். செண்பகம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “எனக்கு நீ மட்டுந்தான் அண்ணே” என்றாள். அந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருநாள், ஆபீசில் பெங்களூருக்கு அனுப்புகிறார்கள் என்று போய்விட்டாள். போனில் பேசுவாள். நன்றாக இருக்கிறேன், வேலை அதிகம் என்பாள். குரலில் ஒரு தெளிச்சி இருந்தது. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. அங்கே அவள் நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லையே. கடையில் ஆட்கள் கைக்குழந்தையோடு வந்து நின்றால், நான் உள்ளே மருந்து எடுக்கப் போவதுபோலப் போய்விடுவேன். எந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாலும் என்னை அடையாளம் தெரிந்து பார்ப்பதுபோல இருந்தது.

போன வாரம் ஒரு காலையில் நவநீத்தைப் பழவங்காடிக் கணபதி கோயில் வாசலில் பார்த்தேன். தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தான். ஒன்றை உடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரோட்டைத் தாண்டிப் போய் அவன் தோளைத் தொட்டேன்.

“என்ன நேர்ச்சை?”

சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு அடக்க முடியவில்லை அவனுக்கு.

“அளியா, ஆண்குட்டி. செண்பகம் பெங்களூர் போகல. மலைமேல போனக்காட்டில எலிசாள் வீட்டில இருக்கா. அவகூடப் படிச்சவ, எஸ்டேட் நர்ஸ். யாரிடமும் சொல்லருதுன்னு சத்தியம் வாங்கினா. ஆனாலும் அளியனிட்ட நான் எங்ஙன சொல்லாம இருப்பேன்?”

அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். கடைக்குத் திரும்பியதும் பின்கட்டில் போய் மருந்து அலமாரியைத் திறந்தேன்.

எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் தாய்மாமன் தேன் தொட்டு வைப்பான். சேனை வைப்பது என்போம். முறைப்படி என் உரிமை அது. சின்னக் குப்பியில் நல்ல மலைத்தேன் எடுத்துக்கொண்டேன். அதில் வேறொன்றும் சேர்த்திருந்தேன். என்ன என்பதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள், அவர்களே சொல்வார்கள்.

மறுநாள் போனக்காடு பஸ்ஸில் ஏறினேன். மேலே போகப் போகப் பனிமூட்டம். தேயிலைக்காட்டுக்கு நடுவில் இறங்கியபோது முன்னால் இருக்கும் ஆள்கூடத் தெரியவில்லை. எங்கேயோ பிள்ளை அழும் சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். திரும்பிவிடலாம் என்று இருந்தது. கால்தான் கேட்கவில்லை.

கதவைத் திறந்தது எலிசாள். உள்ளே கட்டிலில் செண்பகம், மடியில் பிள்ளை. என்னைக் கண்டதும் அவள் திடுக்கிடவில்லை. பிள்ளையைத் துணியோடு மார்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“எங்கிட்ட ஏன் மக்கா சொல்லல?” என்றேன்.

“நீ வராத எடத்துல இருந்து பாத்தேன் அண்ணே. பிள்ளை தங்கிச்சு.”

சேனை வைக்க வந்திருக்கிறேன் என்று குப்பியைத் திறந்தேன். அந்நேரம் பார்த்துப் பிள்ளை கண்ணை விழித்தது. பிறந்த பிள்ளைக்குப் பார்வை நிலைக்காது என்பார்கள். என்னைப் பார்த்தது, மேடம். நேராக என்னைத்தான் பார்த்தது. என் விரலில் இருந்த தேன் தரையில் சொட்டியது.

“மொதல்ல ஒன் நாக்குல தொட்டு வை அண்ணே. நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் செண்பகம்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் விரலை உதடுவரை கொண்டுபோனேன். அதற்குமேல் கை வரவில்லை. செத்துப்போய்விடுவேனே. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. துடைக்கவில்லை.

“மூணும் நீதானா அண்ணே?”

ஆமாம் என்றேன். அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. எலிசாள் என் கையிலிருந்து குப்பியை வாங்கி மூடினாள். பிறகு ஆட்கள் வந்தார்கள், நீங்கள் வந்தீர்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று கருவையும் கலைத்தது நான். நாலாவதைக் கொல்லப் போனதும் நான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் குரல் பொய்யா சொன்னது? இன்னும் கழுத்து நிற்காத பிள்ளை, ஒரு பார்வையில் என்னை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டது. அப்படியானால் நான் பயந்ததில் என்ன தப்பு? இந்த லாக்கப்பில் பிள்ளை அழும் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் வீடே இல்லை என்கிறார் காவலுக்கு நிற்கும் கிரீஷ். எனக்குக் கேட்கிறது.

செண்பகத்தைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அவளுக்கு என்னை விட்டால் வேறு அண்ணன் தம்பி கிடையாது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்னை அனுப்பிவைத்தால் போதும். துள்ளாமல், அசையாமல், நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.