பெண் பார்க்கும் நாளில் பிடுங்கிய கம்பி

1983 ஜூலை 12, செவ்வாய். திருவண்ணாமலையில் வழக்கம்போல் அலுவலகம் முடிந்து ஐந்தரை மணி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் கைத்தடியோடு இருந்த ஒரு அம்மாள் தன் தங்கையிடம் பொரிந்து தள்ளினாள்.

“நான் பிடிச்சிக்கிட்டு குளிக்கிற கம்பிய உங்க மாமா செவுத்துலேர்ந்து பிடுங்கிட்டாருடி!”

“ஏங்க்கா?”

“பொண்ணு பாக்க வர்றவங்க அதப் பாத்தா சீக்குக் குடும்பம்னு நெனைப்பாங்களாம். நான் மறுபடி விழுந்து இடுப்பு ஒடஞ்சா மட்டும் கௌரவமா?”

“அவங்க வந்தாங்களா?”

“வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா கால் கழுவ அதே குளியலறைக்குப் போய் வழுக்கிட்டாங்க. நல்லவேளை, விழல. ‘பிடிச்சிக்க ஒரு கம்பி வைக்கக்கூடாதா?’ன்னு கேட்டாங்க.”

“மாமா என்ன சொன்னாரு?”

“நாளைக்கே வச்சிடறேங்கன்னு பல்ல இளிக்கிறாரு! அவங்க கேட்டா கம்பி, நான் கேட்டா சீக்கு!”

மறுநாள் காலை முதல் வேலையாக, என் மனைவியைக் குளியலறைச் சுவரருகே நிற்கச் சொல்லி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.