ரெண்டாவது அட்மின்

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, ஒரு ஆஃபீஸ்ல எத்தனை பேருக்குத்தான் அட்மின் டோக்கன் குடுக்குறது? கேக்குறவனுக்கெல்லாம் நீட்ட இதென்ன பொறந்தநாள் சாக்லேட்டா? ஏசி ரிப்பேரை அப்புறம் பாத்துக்கலாம், நீங்க ஏணிய மடக்காதீங்க, உக்காருங்க. இந்த சர்வர் ரூம் கதவு தானா திறந்துரும். கொஞ்சம்... நேரம் எடுக்கும், அவ்ளோதான்.

டோக்கன்னா பேங்க்ல வரிசைக்குக் குடுக்குற சீட்டு இல்லண்ணே. இந்த ஆஃபீஸோட மொத்த விவரமும் ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. யாரு எந்தக் கதவைத் திறக்கலாம்ங்கறது வரைக்கும் அதுலதான். அதுக்குள்ள போறதுக்கு நீளமா ஒரு ரகசியக் குறி. அதான் டோக்கன். அதுலயும் அட்மின் டோக்கன் இருக்கே... எதை வேணா மாத்தலாம், எவனை வேணா தூக்கலாம். சாதாரண சமாச்சாரமா அது?

இங்க எவனுக்காவது அந்த மரியாதை தெரியுதா? ஒருத்தர் மஞ்சச் சீட்டுல எழுதி ஸ்க்ரீன் ஓரத்துலயே ஒட்டி வச்சிருக்கார். கேட்டா, "மறந்துருது தம்பி"ங்கறார். கணக்குப் பிரிவு அம்மா ஒருபடி மேல. தவறிப் போய் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க! அவங்க கொழுந்தனார் அதுக்குக் கும்புடு போட்டு 'குட் மார்னிங்' வேற அனுப்பியிருக்கார். சிரிக்காதீங்கண்ணே, எனக்கு வயிறு எரியுது.

அதனால ஒரு சட்டம் போட்டேன். வாயால கேட்டா கிடையாது. ஃபாரம் இருக்கு, எழுதிக் குடு. எதுக்கு வேணும், காரணம் எழுது. 'அவசரம்'னு எழுதுனா திருப்பி அனுப்பிருவேன். அவசரம்லாம் ஒரு காரணமாண்ணே? எம்.டி.யே எழுதிக் குடுத்தார்னா பாத்துக்குங்க. இதுவே பழகிப் போயி, பொண்டாட்டி டிவி ரிமோட் கேட்டப்போ வாய் தவறி "காரணம்?"னுட்டேன். அப்புறம் வீட்ல யாரும் எங்கூடப் பேசல, அது வேற கதை.

கதவா? என் கார்டைத் தேய்ச்சுப் பாத்தேன்ணே, சிவப்பு லைட்தான் வருது. உள்ளேர்ந்து திறக்குற பட்டனா... இருந்துச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன். பட்டன்னு ஒண்ணு இருந்தா கண்டவனும் அமுக்குவான்ல? ஃபோனும் இங்க எடுக்காது, சுத்தி இரும்பு. ஏண்ணே, ஏசியை முழுசாவே கழட்டிப் போட்டுட்டீங்களா? வேர்க்குதே.

எங்க விட்டேன்... ஆங்! எல்லார் டோக்கனையும் பிடுங்கிட்டேன். மிச்சம் ரெண்டு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு அக்காவோடது. கூடப் பொறந்த அக்கா இல்லண்ணே, எனக்கு முன்னாடியே இங்க சேந்தவங்க. இந்த டேட்டாபேஸைக் கட்டினதே அவங்கதான். தங்கமான மனுஷி. ஆனா எப்பப் பாரு, "தம்பி, ரெண்டு அட்மின் இருக்கட்டும், ஒருத்தருக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தர் பாத்துக்கலாம்"ம்பாங்க. எனக்கு ஏண்ணே காய்ச்சல் வரப்போகுது?

நெசத்தைச் சொல்லட்டுமா? வெளிய சொல்லிராதீங்க. எனக்குப் பயம்ணே. எது கெட்டுப் போனாலும் "அக்கா எங்க, அக்கா எங்க"ன்னுதான் ஓடுறாங்க. நான் பக்கத்து சீட்லயே இருப்பேன், என்னைத் தாண்டிப் போவாங்க. இப்ப ஆளக் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு வேற. ஒரு அட்மின் போதும்னு சொன்னா யாரை வச்சுக்குவாங்க? அவங்க கையில அது இல்லன்னாத்தானே என்னைத் தேடுவாங்க?

அதான்... நீங்க ஃபில்டரைக் கழட்டிட்டு இருந்தீங்கல்ல, அப்போ இந்த ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து அவங்க டோக்கனை ரத்து பண்ணிட்டேன். "நிச்சயமா?"ன்னு அது கேட்டுச்சு. நிச்சயம்னு ஒரே தட்டு.

தட்டினப்புறம்தான்ணே ஞாபகம் வருது. நான் சேந்த புதுசுல என் டோக்கனைப் போட்டுக் குடுத்ததே அக்காதான். அவங்களுதுலேர்ந்து பொறந்தது என்னுது. தாய் டோக்கன் செத்தா, அதுலேர்ந்து பொறந்ததெல்லாம் கூடவே செத்துரும். இந்த சிஸ்டத்தோட விதி அது. நானே ஆஃபீஸ் மொத்தத்தையும் உக்கார வச்சு விளக்கியிருக்கேன்! இப்ப என்னுது போச்சு. என்னுதுலேர்ந்து இந்தக் கதவுக்கு ஒண்ணு குடுத்திருந்தேன், அதுவும் போச்சு. கதவு போய் டேட்டாபேஸைக் கேட்டா, "நீ யாரு?"ங்குது.

சரி பண்ணிரலாம்ணே, பதறாதீங்க. மூலச் சாவின்னு ஒண்ணு இருக்கு. ரத்து பண்ணவே முடியாது. மொதமொதல்ல கட்டினவங்க கையில மட்டும்தான்... ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஆமா. அக்காகிட்டதான்.

அட, ஏணிய எங்க நகத்துறீங்க? சீலிங் அட்டையத் தூக்கிட்டு அந்தப் பக்கம் இறங்கலாமா? அடப்பாவிகளா, இத்தனை பூட்டுப் போட்டு மேல வெறும் அட்டையா! பாத்துண்ணே, பாத்து... ஏணிய ஏன் மேல இழுக்குறீங்க? எனக்கு வேணுமே! அண்ணே! கதவு ரிப்பேர்னு மட்டும் சொல்லுங்க! மத்ததெல்லாம் நமக்குள்ள! அண்ணே... கேக்குதா?

...

யாரு? அக்காவா? நான்தான்க்கா, உள்ள மாட்டிக்கிட்டேன். கதவு என்னமோ... ஓ. சொல்லிட்டாரா? எல்லாத்தையுமா? காய்ச்சல் விஷயம் கூடவா?

அக்கா, காலடிச் சத்தம் தூரமாப் போகுதே. போயிட்டீங்களா? தப்புதான்க்கா, மூலச் சாவியப் போட்டு விடுங்கக்கா, மூச்சு முட்டுது. அது என்ன, கதவடியில பேப்பர் வருது... ஐயோ, இது என் ஃபாரம்ல!

அக்கா... 'அவசரம்'னு எழுதுனா ஏத்துக்குவீங்களாக்கா?