பதினோரு நிமிடத் தாமதம்

மதிப்பிற்குரிய வக்கீலம்மா அவர்களுக்கு,

அன்றைக்கு யார் யார், எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேசையின் இடது ஓரம் நீங்கள். பக்கத்தில் மில்காரர், இடுப்பு வலி என்றதால் மெத்தை வைத்த நாற்காலி அவருக்கு. இருவரும் சுவரில் இருந்த திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் திரைக்குப் பக்கத்தில், உங்களைப் பார்த்து நின்றேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் பழம் வைக்கும் குளிர் அறை. அதன் கதவில் ஒரு சாண் கண்ணாடி. உள்ளே, பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் என் மனைவியின் தம்பி.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: குளிர் அறைக்குள்ளிருந்து கேட்ட அந்தத் தட்டுச் சத்தத்துக்கு ஏதாவது அர்த்தம் இருந்ததா? முதலீட்டு ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, நிறுவனர் எதையும் மறைக்கக் கூடாது என்கிறது. நான் மறைக்கவில்லை.

பழம் கெடாமலிருக்க அந்த அறையில் ஆக்சிஜனைக் குறைத்து நைட்ரஜனை நிரப்புவார்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர் சுருண்டு விழுந்துவிடுவார். காற்று கெட்டதும் மணியடித்துக் கதவைத் தானே திறந்துவிடும் கருவி என்னுடையது. அதைத் தயாரிக்கப் பணம் தேடிப் போனபோது வங்கியில் அடமானம் கேட்டார்கள். பெருநகரத்து முதலீட்டு நிறுவனத்தில், "இங்க குடிவந்துடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். ஏழு இடத்தில் 'பார்க்கலாம்' கேட்டவன் நான். எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்குத் துணிந்து முதல் போட மிச்சமிருந்தவர்கள் நீங்கள் இருவர்தான்.

"கருவியை நம்பி உங்க வீட்டு ஆளை உள்ள விடுவீங்களா?" என்று மில்காரர் முதல் சந்திப்பில் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் வீட்டுக்குப் போய் மச்சினனிடம் சொன்னேன்.

"எலிக்குப் பதிலா நானா மாமா?"

"பங்குதாரர்டா மாப்ளே. உன் பேர்லயும் பங்கு எழுதறேன்."

"அப்ப பங்குதாரர் எலின்னு சொல்லுங்க" என்று சிரித்தான். ஆனாலும் வந்தான்.

ஒரு தட்டு என்றால் நலம். இரண்டு என்றால் தலை சுற்றுகிறது. மூன்று என்றால் சாவியைப் போட்டுத் திற. இப்படித்தான் பேசி வைத்திருந்தோம். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று காலை ஆளில்லாமல் நான்கு முறை சோதித்தேன். மூன்று முறை சரியாக அடித்தது. நான்காவது முறை, குளிரில் சென்சார் மந்தமாகி, தாமதமாக அடித்தது. உங்களிடம் தந்த அறிக்கையில் மூன்று சோதனைகள் என்று எழுதியிருந்தேன்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கதவைப் பூட்டி நைட்ரஜனைத் திறந்துவிட்டேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு தட்டு. ஐம்பத்தாறுக்கு இரண்டு. திரை ஓரத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் இறங்கவே இல்லை. ஐம்பத்தெட்டுக்கு மூன்று.

"உங்க மச்சினனுக்குப் பொழுது போகல போல" என்றார் மில்காரர்.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார். ஒரு இடத்துல இருக்க மாட்டான்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கண்ணாடியில் அவன் முகம் இருந்தது. வாய் 'மாமா' என்று அசைந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்தால் கருவி தோற்றதாகிவிடும். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து 'பார்க்கலாம்' என்பீர்கள். அந்த நேரம் பார்த்து மில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்களுக்கு எத்தனை சதவீதம் தருவீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. பதில் சொன்னேன். விரிவாகவே சொன்னேன். சொல்லி முடித்தபோது கண்ணாடியில் முகம் இல்லை, ஈரக் கைத்தடம் மட்டும் இருந்தது.

பதினொன்று ஒன்பதுக்கு மணி அடித்தது. கதவு தானாகத் திறந்தது. நீங்கள் இருவரும் கைதட்டிக்கொண்டே திரும்பினீர்கள். யாரும் வெளியே வரவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். தட்டியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நீங்கள்தான் கேட்டீர்கள். எனவே உங்களுக்குச் சொல்கிறேன். மூன்று தட்டையும் எண்ணினேன். அர்த்தம் தெரிந்தேதான் நின்றேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கருவி வேலை செய்தது. தாமதம் பதினோரு நிமிடம், அவ்வளவுதான். சென்சாரை மாற்றிவிட்டேன். நெருக்கடியில் நிறுவனர் நிலைகுலையாமல் இருப்பாரா என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு அன்று நான் நடந்துகொண்டதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

புதிய சென்சாரையும் ஆளை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். "தம்பி உயிரக் குடுத்த வேலை, நானே உக்கார்றேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது டாக்டர் எழுதியது மட்டும்தான்.

இப்போது பசை டப்பாவோடு என் பக்கத்தில் நிற்கிறாள். "வக்கீலம்மாவுக்குத்தானே? ஒண்ணும் விட்டுடலையே?" என்கிறாள். எல்லாம் எழுதிவிட்டேன் என்றேன். உறையில் உங்கள் முகவரியை அவளே எழுதியிருக்கிறாள். என்னைவிட அவள் எழுத்து தெளிவு. இதை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, அவள் நேரே குளிர் அறைக்கு வந்துவிடுவாள். கடிதம் நாளை உங்கள் கைக்குக் கிடைக்கும். ஒத்திகை இன்றைக்கே.

மடித்து அவளிடம் கொடுக்கிறேன்.