மணிலா டைரக்டரின் மகள்

சிட்னியில், லிட்கமில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களும் முதியோர் இல்லச் சீருடையில் இருந்தார்கள். கண்ணாடி போட்டவர் சாதாரணமாகச் சொன்னார்:

"அந்தாள் நேற்று என்னை மூண்டு தரம் சாகச் சொன்னவர்."

"ஆர், அந்த பிலிப்பினோ டைரக்டரோ?"

"ஓம். மணிலாவில நிறையப் படம் எடுத்தவர், பிறகு டிவி நாடகம். இப்ப மறதி வந்திட்டுது. எங்கட வோர்ட் முழுக்க அவருக்கு ஷூட்டிங்தான்."

"செத்தனீங்களோ?"

"கதிரையில சாய்ஞ்சு செத்தனான். நடிப்புக் காணாது எண்டிட்டார். அந்த நேரம்தான் மகள் வந்தவ. அவருக்கு அவ ஆரெண்டு தெரியேல்ல. நீ வெளிக்கிட்டுப் போ, கதவடியில நிண்டு என்னைத் திரும்பிப் பார் எண்டு அவவுக்கும் சொன்னார்."

"அவ என்ன செய்தவ?"

"மனுசன் ஷூட்டிங் எண்டு வீட்டில நிண்டதே இல்லையாம். அந்தக் கோவத்தில அவ வருசத்துக்கு ஒருக்காத்தான் வாறவ. நேற்று அவர் சொன்னமாதிரியே போய், கதவடியில நிண்டு திரும்பிப் பார்த்தவ. கண் நிறையத் தண்ணி."

"அவர்?"

"நல்லாயிருக்கு, இந்தப் பிள்ளையை நாளைக்கும் வரச்சொல்லு எண்டார்."

ரயில் ஹரிஸ் பார்க்கில் நின்றது. இறங்கும்போது மற்றவர் கேட்டார்:

"மகள் வந்தவவோ?"

"இண்டைக்குக் காலமை எனக்கு முதலே வந்து நிண்டவ."