பறவை தெரியும் வரை

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்... தாழ்ப்பாள் போட வேண்டாம். சும்மா சாத்தினால் போதும்.

சாயங்காலம் நாலேகால் மணி. இருட்டு இல்லை, மழை இல்லை, நல்ல வெயில். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நமக்கு யாரோ தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

மூடிப்போன நூல் ஆலை ஒன்றின் மதிலை ஒட்டிப் போகும் சாலை. எதிர்ப்பக்கம் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள். ஈ காக்கை இல்லை. அந்தச் சாலையில் என் சிநேகிதியின் பெரியம்மா தனியாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய செருப்புச் சத்தம் மதிலில் மோதித் திரும்பி வந்தது... சரக், சரக்... பின்னாலேயே யாரோ வருகிற மாதிரி.

பெரியம்மாவுக்குப் பயந்த சுபாவம் கிடையாது. சின்னதாக ஓர் எம்பிராய்டரிக் கடை வைத்திருப்பவர். ஐம்பது தாண்டியும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியில்தான் குடியிருப்பு. அந்தத் தங்கைதான் என் சிநேகிதியின் அம்மா.

பெரியம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பழைய பீங்கான் தட்டுகள். அதிலும் பறவை வரைந்த தட்டுகள் மட்டும். ரோஜாப்பூ போட்டது, படகு போட்டது எல்லாம் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். மாடியில் சுவரே தெரியாது. கொக்கு, மைனா, மரங்கொத்தி, ஆந்தை என்று ஆணிக்கு ஆணி தொங்கும்.

"சாப்பிட ரெண்டு தட்டு போதும். வேடிக்கை பாக்க அறுபது தட்டாக்கா?" என்பாள் தங்கை.

"உன் மூஞ்சியவே தினம் பாக்கறேன். இதைப் பாத்தா ஆகாதா?" என்பார் இவர்.

பழைய சாமான் கடைக்காரர்களிடமெல்லாம் தன் போன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தார். அப்படித்தான் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஆலைச் சாலையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள், சாப்பாட்டு அறை அலமாரி முழுக்கப் பறவைத் தட்டுகள், வந்து பார்க்க முடியுமா என்று. முடியுமாவா? கடையை அரை நாள் அடைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

குமாஸ்தா வாசலிலேயே நின்றிருந்தார். வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை கந்தலாகியிருந்தது. மாடிக்கு அழைத்துப் போய் ஓர் அறையைத் திறந்துவிட்டார். நீளமான மேஜை, உயர்ந்த முதுகு வைத்த நாற்காலிகள். மேஜையின் கோடியில் மட்டும் கால் உயர்ந்த ஒரு குட்டி நாற்காலி, குழந்தையை உட்கார வைத்து ஊட்டுவதற்கானது. சுவரோரம் கண்ணாடி அலமாரி.

"எடுத்து மேஜை மேல பரப்பி நிதானமாப் பாருங்கம்மா. கீழ மீட்டர் பாக்க ஆள் வந்திருக்கான். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

அவர் படி இறங்கிப் போனார்.

பெரியம்மாவுக்கு அலமாரியைத் திறந்ததும் உலகம் மறந்துவிட்டது. நீலக் கரை. ஓரத்தில் தேய்ந்துபோன பொன் கோடு. ஒன்றில் மீன்கொத்தி, ஒன்றில் தூக்கணாங்குருவி, ஒன்றில் வாலை நிமிர்த்திய வாலாட்டி... ஒவ்வோர் இறகும் தனித்தனியாக, கையால் வரைந்தது. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். மீன்கொத்தியை எதிரில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார்.

டக்.

பூட்டு விழுந்த சத்தம்.

"ஏங்க... உள்ள நான் இருக்கேன்!"

எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகினார். அசையவில்லை. தட்டினார், உதைத்தார். பிறகு ஜன்னலுக்கு ஓடினார். கம்பி போட்ட ஜன்னல். கீழே வாசலில் குமாஸ்தா நின்றிருந்தார், எதிரில் மீட்டர்காரர். நிம்மதியாயிற்று. கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் தட்டிக் கத்தினார். குமாஸ்தா நிமிரவில்லை. கைக்குட்டையை நெற்றியில் வைத்தபடி நின்றார்... வைத்தபடியே நின்றார். மீட்டர்காரர் எதையோ காட்டக் கை தூக்கியிருந்தார். தூக்கிய கை இறங்கவில்லை.

மதிலுக்கு மேலே ஒரு காக்கை. சிறகை விரித்து, நடு வானத்தில், அப்படியே. தட்டில் வரைந்து வைத்த மாதிரி.

பெரியம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தார். மெல்ல அறைப் பக்கம் திரும்பினார்.

மற்ற தட்டுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. மீன்கொத்தித் தட்டு மட்டும் நிரம்பியிருந்தது. பாலில் வெந்து குழைந்து, ஆறி, மேலே ஆடை கட்டிய ஏதோ ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்பூன். அங்கே... குட்டி நாற்காலிக்கு முன்னால் அவர் எடுத்து வைக்காத ஒரு சின்னத் தட்டு. அதுவும் நிரம்பியிருந்தது.

ஆறிய பால் வாசனை. அதோடு இன்னொரு வாசனை, கஞ்சி போட்டு அப்போதுதான் இஸ்திரி செய்த துணியினுடையது. மொடமொடவென்று அந்தத் துணி உரசும் சத்தம் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. முதுகை மறைத்துக்கொள்ள மீன்கொத்தித் தட்டுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்ததும் நாற்காலியை யாரோ பின்னாலிருந்து உள்ளே தள்ளினார்கள். குழந்தையை மேஜைக்கு நெருக்கி உட்கார வைப்பது போல. மேஜை விளிம்பு வயிற்றில் இறுகியது. பின்னால் தள்ளப் பார்த்தார், முடியவில்லை.

காதுக்குள் ஒரு குரல். கோபமே இல்லாத, ரொம்பப் பொறுமையான குரல்.

"சாப்பிடு. பறவை தெரியணும்."

என்ன செய்வார்? சாப்பிட்டார். உப்பில்லை, இனிப்பில்லை. ஈரச்சுவரை நக்குகிற மாதிரி ஒரு சில்லிப்பு மட்டும். ஒவ்வொரு வாய்க்கும் பின்னால் அந்தத் துணி மொடமொடத்தது. கொஞ்சம் கொஞ்சமாக அலகு தெரிந்தது. அப்புறம் ஒரு கண்... நீல முதுகு... வால்.

"பறவை தெரியுதா?"

"தெ... தெரியுது."

நாற்காலி தளர்ந்தது. டக். கதவு ஒரு விரல்கடை திறந்து, வெளியே தாழ்வாரத்து வெளிச்சம் கோடு போட்டது.

பெரியம்மா பையை அள்ளிக்கொண்டு ஒரே தாவில் கதவுக்கு ஓடினார். கைப்பிடியையும் பிடித்துவிட்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

விக்கல்.

அழுது அழுது ஓய்ந்துபோன குழந்தைக்கு வருமே, அந்த விக்கல். அழக்கூடத் தெம்பில்லாதபோது வருவது.

குட்டி நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அந்தத் தட்டில் கிடந்த சின்ன ஸ்பூன் தானாக எழும்பியது. கொஞ்சம் எழும்பி, நடுங்கி, திரும்பத் தட்டிலேயே விழுந்தது. கிண்... மறுபடி எழும்பியது. மறுபடி விழுந்தது. கிண்...

நாமாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஓடியிருப்போம், யாரும் குறை சொல்லவும் முடியாது. பெரியம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். தங்கை ஞாபகம் வந்தது. பாதியில் கிடக்கிற கடை வேலை ஞாபகம் வந்தது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

"சனியனே, உனக்கு ஏன் இந்த வேலை," என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். குட்டி நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க குடு கண்ணு. நான் சாப்பிட்டுடறேன்."

டக். கதவு பூட்டிக்கொண்டது. நாற்காலி உள்ளே தள்ளப்பட்டது.

சின்னத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வேக வேகமாகச் சாப்பிட்டார். கடைசி வாயையும் வழித்து விழுங்கினார். அடியில் ஒரு கிளை தெரிந்தது. நாலு இலை, இரண்டு சிவப்புப் பழம்.

பறவை இல்லை.

நம்பாமல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தட்டு பார்க்கிற கண். தேய்ந்து போயிருந்தால் ஒரு நிழலாவது மிஞ்சும். இதில் ஒன்றும் இல்லை. இந்தக் கிளையில் பறவையை வரையவே இல்லை. அலமாரி நிறையப் பறவைத் தட்டுகள் இருக்க, தேடிப்பிடித்து இந்தத் தட்டைத்தான் அந்தக் குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள்.

"பறவை தெரியுதா?"

அவர் என்ன சொல்வார்? தட்டின் அடியிலிருந்து சத்தமில்லாமல் வெள்ளையாக ஊறி வந்தது. கிளை மறைந்தது, பழம் மறைந்தது. விளிம்பு வரைக்கும் நிரம்பி நின்றது. மேலே ஆடை கட்டியது.

மறுபடி சாப்பிட்டார். கிளை, இலை, பழம்.

"பறவை தெரியுதா?"

மறுபடி ஊறியது.

மூன்றாவது தடவை பொய் சொல்லிப் பார்த்தார். "தெரியுது" என்றார். தோளில் ஒரு விரல் அழுந்தியது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு விரலில் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. தட்டு நிரம்பியது.

நாலாவது தடவை சாப்பிடும்போது அவருக்கும் அழுகை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அதே வெயில், அதே காக்கை. எத்தனை நாள் இங்கேயே உட்கார்ந்திருந்தாலும் அங்கே நாலரை மணிதான். யாரும் தேடி வரப்போவதில்லை. தேடுகிற நேரமே வராது. பக்கத்தில் விக்கல்... அந்தக் குழந்தை எத்தனை தடவை இந்தத் தட்டை முடித்திருக்கும்?

மூக்கைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பையில் கையை விட்டார். விரலில் தட்டுப்பட்டது பென்சில்.

துணியில் பூ வேலைக்கு முன்னால் கோடு போடுகிற நீல மெழுகுப் பென்சில்.

ஐந்தாவது தட்டை அவர் சாப்பிடவில்லை. அள்ளி அள்ளி விழுங்கினார். கடைசி வாய் தொண்டையில் இருக்கும்போதே கைக்குட்டையால் தட்டை அழுத்தித் துடைத்தார். ஈரத்தில் மெழுகு பிடிக்காது. முதல் கோடு வழுக்கியது. இன்னொரு தடவை துடைத்தார். பின்னால் துணி மொடமொடத்துக் கிட்டே வந்தது. முதுகு வளைவு ஒன்று, வயிறு ஒன்று, வால் இரண்டு கோடு... ஆயிரம் துணியில் போட்ட குருவிதான், ஆனால் அவசரத்தில் மூக்கு கோணிக்கொண்டது. கால் இரண்டையும் கிளையில் பதித்தார். கண்ணுக்கு ஒரு புள்ளி.

"பறவை தெரியுதா?"

பெரியம்மாவின் தொண்டையில் இன்னும் அந்தக் கூழ்.

பக்கத்துக் குட்டி நாற்காலியிலிருந்து, விக்கலுக்கு நடுவே, மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"தெ... ரியுது."

துணி இன்னும் நெருங்கியது. பெரியம்மாவின் தோளுக்கு மேலாக யாரோ குனிந்தார்கள். கன்னத்தை ஒட்டிக் கஞ்சி வாசனை. மூச்சு இல்லை, ஆனால் முகம் இருப்பது தெரிந்தது. அந்த முகம் தட்டைப் பார்த்தது... நிறைய நேரம் பார்த்தது.

டக்.

குட்டி நாற்காலி கிரீச்சென்றது. வெறும் பாதங்கள் மரத்தரையில் குதித்து, ஓடி, கதவைத் தாண்டி, படியில் தடதடவென்று இறங்கி... நிற்காமல் போயே போய்விட்டன.

பெரியம்மாவும் ஓடினார். பூதக்கண்ணாடி, பென்சில், தட்டு எதையும் எடுக்கவில்லை. வாசலில் குமாஸ்தா நெற்றியிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள பாத்துட்டீங்களா? நான் இப்பத்தானே கீழ வந்தேன்?"

பெரியம்மா அதற்குள் சாலைக்கு வந்துவிட்டார். பஸ்ஸில் எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. தலை கலைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது... கழுத்துல?"

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சட்டை பாழாகாமல் இருக்க நெஞ்சில் கட்டிவிடுவோமே, அந்தத் துணி. வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்டு மொடமொடவென்று. பின்கழுத்தில் இறுக்கி இரட்டை முடிச்சு போட்டிருந்தது. பெரியம்மாவின் விரலுக்கு அவிழவில்லை, தங்கையின் நகத்துக்கும் அவிழவில்லை. கடைசியில் கடைக் கத்திரியைக் கொண்டுவந்து வெட்டித்தான் எடுத்தார்கள்.

துணியின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு பெயர் பின்னியிருந்தது. தங்கை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"பொ... ட்டு. பொட்டு. யாருக்கா இது?"

பெரியம்மா துணியை வாங்கிக்கொண்டார். அவரை அந்தப் பெயரால் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய அம்மா. அம்மா இறந்தபோது இவருக்கு ஒன்பது வயது. தங்கை அப்போது கைக்குழந்தை.

விளக்கடியில் கொண்டுபோய்த் தையலைப் பார்த்தார். பொடிப்பொடியான சங்கிலித் தையல். ஒரு பிசிறு இல்லை, ஒரு முடிச்சு வெளியே தெரியவில்லை. நூல் புத்தம் புதிது. தன் கையால் இரவும் பகலும் உட்கார்ந்து செய்தாலும் இது மூன்று நாள் வேலை என்றார்.

குமாஸ்தா அவருக்கு முதன்முதலாகப் போன் செய்தது அன்று காலையில்தான்.